கிறிஸ்தவக் கலைப் பயிற்சிக்கு மூன்று நாள் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் தென்மாவட்டத் திருச்சபைகள் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடத்திவரும் கலைப் பயிற்சி முகாம்களைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். பாட்டு, நாடகம், ஓவியம், நடனம் ஆகிய நான்கையும் மூன்று நாளில் கற்பித்து, நான்காம் நாள் மேடையேற்றி, வந்திருந்த அனைவருக்கும் சான்றிதழ் வழங்கியதாக அதில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இசை ஆசிரியராகப் பணியாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவைப் பழக்கி, இப்போது ஓய்விலிருக்கும் எனக்கு அந்த முகாம்களின் உள்ளும் புறமும் தெரியும்; சிலவற்றில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அவற்றில் உழைக்கும் இளைஞர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்தவ நோக்கில் கலைப் பயிற்சி என்று நாம் சொல்லிக்கொள்வதில் நோக்கைப் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது, பயிற்சி என்பது அநேகமாக இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். ஆலயத்தில் பாடும் தமிழ்க் கீர்த்தனைகளின் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். 'ஆனந்தபைரவி, ஆதி தாளம்' என்று போட்டிருந்த ஒரு பாட்டை எடுத்து, கீபோர்டில் அமர்ந்திருந்த பையனிடம் வாசிக்கச் சொன்னேன். கெட்டிக்காரப் பையன், பாடுகிறவரின் குரல் எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதை நொடியில் பிடித்து, டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை தட்டி, ஒரு ரிதத்தை ஓடவிட்டு, மைனர் கார்டு பிடித்து வாசித்துவிட்டான். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனந்தபைரவி என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். "பாட்டை எழுதுனவரு பேரா இருக்கும் சார்" என்றான். சிரிக்கத் தோன்றவில்லை. அந்த இராகம் 'ச க ரி க ம ப' என்று வளைந்து ஏறும். காந்தாரத்தைத் தொட்டுவிட்டு ரிஷபத்துக்கு இறங்கி மறுபடி காந்தாரத்துக்குப் போகும் அந்த வளைவிலும், அதை இழைத்துப் பாடும் கமகத்திலும்தான் அதன் கனிவு முழுவதும் இருக்கிறது. கீபோர்டில் கட்டைக்குக் கட்டை தாவும்போது வளைவு நிமிர்ந்துவிடுகிறது, இழைப்பு உதிர்ந்துவிடுகிறது. பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டை யாரும் அவனுக்கு வேறு மாதிரிப் பாடிக் காட்டியதில்லை. புத்தகத்தின் தலைப்பில் இருக்கும் அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்று சொல்லித்தர அவனுடைய சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியில், ஆளும் இல்லை.

எனக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. நாசரேத்துக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த சிற்றூரில் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் ஒருவர் இருந்தார். மாலை ஆராதனை முடிந்ததும் கோயில் திண்ணையில் பையன்களை வரிசையாக உட்காரவைத்து, தொடையில் தாளம் தட்டிக் கீர்த்தனை சொல்லிக்கொடுப்பார். ஒரு பாட்டின் பல்லவி படிவதற்கு ஒரு வாரம் ஆகும். அனுபல்லவிக்குப் போக அவர் மனம் வைக்க வேண்டும். தாளம் தப்பினால் திட்டமாட்டார், நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை. பாட்டுக்கென்று அவருக்குத் தனிச் சம்பளம் இல்லை, ஆனால் உபதேசியார் வேலைக்கு மாதச் சம்பளம் இருந்தது, குடியிருக்க வீடு இருந்தது, மாலைகள் அவர் கையில் இருந்தன. இன்று அந்த வேலையும் அருகிவிட்டது, அந்த மாலைகளும் டியூஷனுக்குப் போய்விட்டன. அந்தத் திண்ணையின் இடத்தில் நாம் எதை வைத்தோம் என்பதுதான் என் கேள்வி.

கிறிஸ்தவக் கலை என்றதும் நாம் பெருமையாகச் சொல்லும் பெயர்களை எடுத்துக்கொண்டாலே, அவர்கள் எவரும் மூன்று நாளில் உருவானவர்கள் அல்லர் என்பது விளங்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அவர் சிறுவனாயிருந்தபோது அவருடைய புத்திக்கூர்மையைக் கண்ட ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், தகப்பனாரின் சம்மதம் பெற்றுத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். தரங்கம்பாடியிலும் படித்த பின்பு, இளம் வயதிலேயே தஞ்சையில் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். அதே சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் சரபோஜி பிற்காலத்தில் அவரை ஆதரித்தார். பள்ளிக்கூடம், ஆசிரியர்கள், புரவலர், புலவர்களும் பாடகர்களும் நடமாடிய ஒரு நகரம் ஆகிய இத்தனையும் சேர்ந்துதான் 'பெத்லகேம் குறவஞ்சி' பிறந்தது. குறிசொல்லும் குறத்தியைக் கொண்டு சுவிசேஷத்தைச் சொல்ல வைத்து, அதற்குள்ளேயே பூகோளத்தையும் வானியலையும் நுழைத்துவிட்ட அந்தத் துணிச்சல், குறவஞ்சி என்ற நாடக வடிவத்தை அடிமுதல் நுனிவரை கற்றவருக்கே வரும். வடிவம் கைவராதவர்கள் துணிச்சலாக எதையாவது செய்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியிலும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறோம்.

ஆபிரகாம் பண்டிதரின் கதையும் இதையே காட்டுகிறது. தென்காசிக்கு அருகில் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சையில் சித்த மருத்துவத்தால் செல்வம் சேர்த்தவர் அவர். அந்தச் செல்வத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தம் செலவில் தஞ்சாவூருக்கு அழைத்து, ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை நுண்சுரங்கள் என்ற சுருதி கணக்கைப் பற்றி நாள்கணக்கில் வாதிடவைத்து, 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய மாநாட்டில் தம் கொள்கையை நிறுவத் தம் புதல்வியரையே பாடிக்காட்டச் செய்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். அவரே கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றியவர். ஆனால் அந்த மாநாடுகளுக்கு வந்த வித்துவான்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். அது அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவும் இல்லை. கலையை அறிந்தவன் எவனோ அவனிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இந்த அடக்கம் கிறிஸ்தவ நோக்குக்குப் புறம்பானது என்று இன்று சிலர் நினைப்பது விந்தையாக இருக்கிறது. முகாமுக்கு மிருதங்க வித்துவான் ஒருவரை அழைக்கலாம் என்று நான் சொன்னபோது, "அவரு நம்ம ஆளு இல்லியே" என்று குழுவில் ஒருவர் தயங்கினார்.

வேதத்தின் பக்கமும் வருவோம், ஏனெனில் அந்தத் தயக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலைத் தேவ ஆவியால் நிரப்பினதாக யாத்திராகமம் சொல்வதை எல்லாப் பிரசங்கிகளும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே பகுதியில், அவனுக்கும் அவனோடு வேலைசெய்த அகோலியாபுக்கும் பிறருக்குப் போதிக்கும் வரமும் அருளப்பட்டதாக வருவதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள். தாவீது ஏற்படுத்திய பாடகர் 288 பேரும் கர்த்தருடைய பாட்டுகளைக் கற்றுத் தேர்ந்தவர்கள் என்றும், பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்ற பேதமின்றித் தங்கள் பணிமுறைக்காகச் சீட்டுப்போட்டார்கள் என்றும் முதலாம் நாளாகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சீட்டு விழுந்தவுடன் வரம் இறங்கவில்லை. கற்ற பிறகுதான் சீட்டு. வாத்தியங்களை நேர்த்தியாய் வாசிக்கச் சொல்லும் சங்கீதக்காரன், மனமிருந்தால் போதும் என்று சொல்லியிருந்தால் நமக்கெல்லாம் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

இதுவரை கீர்த்தனையைத் தாங்கியே எழுதிவிட்டேன். அது என் பாசம். ஆனால் அந்தப் பாசத்துக்குள் இருக்கும் ஒரு குறையையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதினவன் ஆகமாட்டேன். தஞ்சையில் பின்னாளில் வந்த மிஷனரிமார் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளுக்கு இடம் மறுத்தபோது சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார்; அதை நாம் கொண்டாடுகிறோம். அதே எதிர்ப்பில், ஆலயத்துக்குள் சாதிபார்த்துத் தனித்தனியே அமரும் வழக்கத்தையும் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். அதை நாம் பேசுவதில்லை. கீர்த்தனை நமக்குக் கிடைத்த செல்வம்தான், ஆனால் அது எல்லார் வீட்டு முற்றத்திலும் விளைந்ததில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் பலருக்கும் அறிமுகமானவர், இந்த இடத்தில்தான் விரல் வைத்தார். கிராமத்துத் தலித் சபைகளில் மக்கள் வயலிலும் வீட்டிலும் பாடும் மெட்டு ஆலயத்துக்குள் நுழையும்போது வாசலில் செருப்பைப் போலக் கழற்றி விடப்படுகிறதே என்று கேட்டு, கிராமிய மெட்டுகளில் வழிபாட்டு முறைமையையே அமைத்தார். அவருடைய கருத்தில் நாட்டுப்புற மெட்டின் சிறப்பு, பாடுகிறவர்கள் தங்கள் நிலைமைக்கேற்ப அதைத் திருத்திப் பாடிக்கொள்ள இடம் கொடுப்பது.

அவருடைய கருத்து எனக்கு முதலில் கசந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசன பண்டிகைக்குப் போயிருந்தேன். ஆலயத்துக்கு வெளியே பந்தலில் பறை முழங்கிக்கொண்டிருந்தது; அடித்துக்கொண்டிருந்த மூவரும் அந்தச் சபையின் அங்கத்தினர்கள். பறையின் தோலை நெருப்பில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, குச்சியின் பிடியை ஒவ்வொருவரும் மாற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்தாலே அவர்கள் பிடித்தது எளிதில் கைவரும் வித்தை அல்ல என்று தெரிந்தது. ஆராதனை மணி அடித்ததும் பறையைப் பந்தலின் காலில் சாய்த்துவைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, உள்ளே வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார்கள். உள்ளே பென்டிரைவில் இருந்த டிராக்குக்குப் பாடகர் குழு பாடியது. பயிற்சிபெற்ற கலைஞர்கள் கடைசி பெஞ்சில், பயிற்சியில்லாத நாங்கள் பீடத்தருகே. கிறிஸ்தவ நோக்கு என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அந்தப் பந்தல்கால் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஓவியத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. கண்டதை மட்டும் சொல்கிறேன். முகாமில் பிள்ளைகளுக்கு நல்ல மேய்ப்பன் படம் அச்சிட்டுக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வார்கள்: பொன்னிறக் கூந்தல், பச்சைப் புல்வெளி, பஞ்சுபோன்ற வெள்ளை ஆடுகள். செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி அந்தத் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் தானே வரைந்துவிட்டாள். செம்மண், உடைமரம், தலைப்பாகை கட்டிய ஒருவர், செம்பழுப்பில் ஆடுகள். பயிற்றுநர் கோபிக்கவில்லை, ஆனால் "இது செம்மறியாடும்மா, வெள்ளையா இருக்கணும்" என்று திருத்தினார். அந்தப் பிள்ளையின் தகப்பனார் ஆடு மேய்ப்பவர் என்று பிறகு அறிந்தேன். நம் பக்கத்துச் செம்மறிகள் பல பழுப்பும் கறுப்புமாகத்தான் இருக்கின்றன. தூரத்தில் பார்த்தால் வெள்ளாடு எது செம்மறி எது என்று மேய்க்கிறவனுக்குத்தான் தெரியும். இயேசு செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் உவமையைச் சொன்னதும் இப்படிப்பட்ட மந்தையைப் பார்த்துப் பழகியவர்களிடம்தானே! அந்தப் படத்தை எங்கோ வைத்துவிட்டார்கள், கேட்டேன், கிடைக்கவில்லை.

முறையான பயிற்சி நம்மால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருச்சியில் அருள்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி, பரதநாட்டியத்திலும் இசையிலும் பட்டம் வழங்கும் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது; பாதிரியார் நடத்தும் இடத்தில் பரதமா என்று கேட்டவர்களுக்கு அங்கே படித்துத் தேர்ந்தவர்களே பதில். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், நம் ஊர்க் கூத்தும் பாட்டும் படிக்கத்தக்க பாடங்கள் என்பதை நிலைநாட்டியது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகளார் 1965-இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தில் தொடங்கி, நாட்டுக்கூத்து, இசை, நடனம், ஓவியம் என்று விரிந்து, போர் நடந்த ஆண்டுகளிலும் பயிற்சியை நிறுத்தாமல் நடத்தி, 'கலைமுகம்' என்ற கலை இலக்கிய இதழையும் வெளியிட்டுவந்திருக்கிறது. மதம் பாராமல் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டது. குண்டு விழுந்த ஊரில் ஒத்திகை நடந்திருக்கிறது. நமக்கு மாலையில் மின்சாரம் போனால் பயிற்சி ரத்து.

இவற்றைப் போல ஒவ்வொரு திருமண்டலமும் (பேராயர் ஒருவரின் ஆளுகைப் பகுதி) ஒரு கல்லூரி கட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை; கட்டடம் என்றதும் நன்கொடைச் சீட்டுப் புத்தகம் அடிக்கத் தொடங்கிவிடுவோம் என்பது தெரியும். தமிழக அரசு பல மாவட்டங்களில் இசைப்பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் ஆகியவற்றோடு தேவாரமும் அங்கே மூன்றாண்டுப் பாடம். தேவாரத்தைப் பண்ணோடு பாட ஓதுவாருக்கு மூன்றாண்டுப் பயிற்சி தேவை என்று ஒப்புக்கொள்ளும் அதே ஊரில், கீர்த்தனையை இராகத்தோடு பாடப் பயிற்சியே தேவையில்லை என்று நாம் எப்படி முடிவுசெய்தோம்? ஒவ்வொரு சேகரமும் ஆர்வமுள்ள இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்து, பேருந்துச் செலவும் கருவிச் செலவும் கொடுத்து, அந்தப் பள்ளிக்கு மூன்றாண்டு அனுப்பினாலே போதும். திரும்பி வந்தபின் அவர்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பறை அடிக்கத் தெரிந்தவரைச் சபையே ஆசிரியராக அமர்த்தலாம். பண்டிகை மேடையின் ஒலி, ஒளி அமைப்புக்கு ஓரிரவில் செலவாகும் தொகையை ஒருமுறை கணக்குப் பார்த்தால் இதற்குப் பணமில்லை என்ற பேச்சு எழாது.

சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம், சமையல்காரருக்கு அன்றன்றே கூலி, பாட்டு வாத்தியாருக்கு மட்டும் "ஊழியந்தானே ஐயா" என்று ஒரு சால்வை. என் வீட்டு அலமாரியில் பதினேழு சால்வைகள் இருக்கின்றன. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, தாங்கிக்கொள்வேன். மிருதங்கமோ ஓவியமோ கற்றுப் பிழைக்க நினைக்கும் இருபது வயதுப் பிள்ளை சால்வையை வைத்து என்ன செய்யும்? திருமண்டலப் பள்ளிகளில் இசைக்கும் ஓவியத்துக்கும் உள்ள பணியிடங்கள் காலியானால் நிரப்பப்படுவதில்லை. அந்தப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. நான் ஓய்வுபெற்ற பின் என் ஆர்மோனியம் ஆய்வகத்தின் ஒரு மூலையில், தவளை அறுக்கும் தட்டுகளுக்குக் கீழே கிடப்பதைப் போன மாதம்தான் பார்த்தேன். துருத்தியில் இரண்டு இடத்தில் கிழிசல். கட்டைகள் நன்றாக இருக்கின்றன.

வரும் மே மாத முகாமுக்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். மூன்று நாளுக்கு வரமாட்டேன், வாரம் இரண்டு மாலை வீதம் மூன்றாண்டுக்கு வருகிறேன், கூடவே பந்தலில் பறை அடித்தவர்களில் ஒருவரையும் சம்பளத்துக்கு அமர்த்துங்கள், அந்த ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன். செயற்குழுவில் வைத்துச் சொல்வதாகச் சேகரத் தலைவர் தொலைபேசியில் தெரிவித்தார். குழு இன்னும் கூடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.